தரை டிக்கெட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள்?

முசரவாக்கத்தில் என் பெரியம்மா ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார். சில சமயம் மூன்று. "படம் எப்படி இருந்துச்சு பெரிம்மா?" என்று கேட்டுவிட்டு "நல்லாருக்கு", "சுமார்" என்ற ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம். எழுத்து போடுவதிலிருந்து ஆரம்பிப்பார். யார் எங்கே நின்றார்கள், என்ன கலர் புடவை, அந்த நேரத்தில் மழை பெய்ததா, குழந்தை அழுததா, எல்லாம் வரும். பிடிக்காத காட்சி வந்தால் வேகமாகக் கடப்பார். பிடித்த காட்சியில் படம் எடுத்தவரை விட அதிக நேரம் நிற்பார். எங்கே நின்றார், எங்கே ஓடினார் என்பதை வைத்து நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் விமர்சனம்.

இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தமிழ் சினிமா ரசனையின் வரலாறு என்று எதைத் தேடிப் படித்தாலும் பத்திரிகைகள் வருகின்றன, ஃபிலிம் சொசைட்டிகள் வருகின்றன, கட்சிகளும் வருகின்றன. காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் இந்த மாதிரி கிராமங்களில் டென்ட் கொட்டாயின் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுநாள் தறியடியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் எதிலும் கிடைப்பதில்லை. அவர்கள் பேசவில்லையா என்ன? பேசித் தீர்த்தார்கள். எழுதிவைக்க ஆள் இல்லை.

எழுதிவைக்க அரசாங்கமே ஒருமுறை கிளம்பியது. 1927 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சினிமா விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் நம் ஊர் வக்கீல், திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அப்போது பேசும்படமே வரவில்லை. அரசுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, ஹாலிவுட் படங்களுக்கு நடுவே பிரிட்டிஷ் படங்களுக்கு இடம் பிடிப்பது. இன்னொன்று, வெள்ளைக்காரப் பெண்கள் கையைக் காலைக் காட்டி ஆடுவதைப் பார்த்தால் சுதேசி ஜனங்களுக்கு ஆள்பவர்கள் மேல் மரியாதை போய்விடுமோ என்பது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை அனுப்பினார்கள். சென்னை உட்படப் பல ஊர்களுக்குப் போய் 353 பேரிடம் நேரில் சாட்சியம் வாங்கினார்கள். அறிக்கை 1928-ல் வந்தது. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச் சலுகை தேவையில்லை, இந்தியப் படத்தொழிலுக்குத்தான் உதவி தேவை என்று ரங்காச்சாரியார் குழு எழுதிவிட, அரசாங்கம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டது.

அந்தச் சாட்சியங்கள் தொகுதி தொகுதியாக இன்றும் கிடைக்கின்றன. படித்தால் அலுக்காது. அதிகாரிகள், கொட்டகை முதலாளிகள், பள்ளி ஆசிரியர்கள், வக்கீல்கள், கௌரவமான சீமாட்டிகள் என்று வரிசையாக வந்து, படிக்காத மக்களை சினிமா என்ன செய்யும் என்று விளக்குகிறார்கள். திரைக்கு முன்னால் தரையில் உட்காருபவரைப் பற்றித்தான் எல்லாப் பக்கமும் கவலை. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து "நேத்து என்னப்பா படம் பார்த்தே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

1931-ல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்ததும் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் பெருகினார்கள். இதில் கல்கியைத் தாண்டிப் போக முடியாது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 'பக்த நந்தனார்' வந்தது. அம்மையாருக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர். நாடே அதைப் பற்றித்தான் பேசியது. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் படத்தை விட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆடும்தான் என்ற தொனியில் எழுதினார். தொண்ணூறு வருடம் கழித்து இன்று யூடியூபில் ஒருவர் ஹீரோவை விட இன்டர்வெல்லில் சாப்பிட்ட பஃப்ஸ் நன்றாக இருந்தது என்று சொல்லி லைக் வாங்குகிறாரே, அந்த வகைக்கு மூலவர் கல்கிதான்.

எனக்குக் கல்கியின் கிண்டல் பிடிக்கும். ஆனாலும் ஒரு உறுத்தல் உண்டு. சுந்தராம்பாளின் குரலைக் கேட்கக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டிப் போனவர்கள் இருந்திருப்பார்கள். தாழ்த்தப்பட்ட ஒருவன் சிதம்பரம் போக ஏங்கும் கதை அது. அந்தக் கதையைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நந்தனின் சேரியிலிருந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே? அவர்களுக்கு அந்தப் பனைமரம் கண்ணில் பட்டதோ, வேறு ஏதாவது பட்டதோ. நமக்கு வந்து சேர்ந்திருப்பது பனைமரம் மட்டும்.

நான்கே வருடத்தில் கல்கி மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். 1939-ல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாக பூமி'க்குக் கதை அவருடையது. விகடனில் தொடராக வந்தபோது படத்தின் ஸ்டில்களையே சித்திரங்களாகப் போட்டார்கள். கணவனோடு வாழ மறுத்து, அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று சொல்லும் பெண்ணின் கதை. அதோடு தேச விடுதலை. அரசாங்கம் தடை போட்டது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள். கூட்டம் தாங்கவில்லை, போலீஸ் தடியடி நடத்தியது. அந்தக் கூட்டத்தின் அபிப்பிராயமும் எழுத்தில் இல்லை. முதுகில் வாங்கியிருக்கிறார்கள்.

நாற்பதுகளில் சினிமாவுக்கென்றே பத்திரிகைகள் வந்துவிட்டன. 'பேசும் படம்' 1942-ல் தொடங்கியது. பின்னால் பி.ஆர்.எஸ். கோபாலின் 'குண்டூசி'. இவற்றில் கேள்வி பதில் பகுதிதான் உயிர். இந்தப் படத்தில் அவர் ஏன் மீசை வைக்கவில்லை, அந்தப் பாட்டைப் பாடியது யார், இவர்கள் இருவரில் சிறந்த நடிகர் யார் என்று வாசகர்கள் கேட்டுத் தள்ளினார்கள். கேள்விக்குக் கீழே பெயரும் ஊரும் இருக்கும். சாதாரண ரசிகனின் குரல் முதன்முதலாக அச்சில் ஏறியது இங்கேதான் என்பேன். என்ன, தபால் அட்டை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். (இதே காலத்தில் லட்சுமிகாந்தனின் 'சினிமா தூது'வும் இருந்தது. அது ரசனையோடு சேராது, அதன் முடிவு 1944-ல் ஒரு கொலை வழக்காகி பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் சிறைக்கு அனுப்பியது. அது தனிக்கதை.)

காஞ்சிபுரத்துக்கு வருகிறேன். 1909-ல் இந்த ஊரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரைக்கு, படம் பார்த்துவிட்டு ஜனங்கள் பேசும் பேச்சின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. 1942-ல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். 1949-ல் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் வெளிவந்தன. படித்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். படிக்காதவர்கள் வசனத்தைத் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவதுதான் ஊர் ஊராகப் போகும் என்று அவர் கணக்குப் போட்டார், கணக்கு சரியாகவே வந்தது. 1952-ல் 'பராசக்தி' வந்தபோது தினமணி கதிர் 'பரப்பிரம்மம்' என்று தலைப்பிட்டுக் கடுமையாகக் கிண்டலடித்தது. கலைஞர் அதே தலைப்பில் ஒரு நாடகம் எழுதி ஊர் ஊராகப் போட்டார். ஒரு விமர்சனத்துக்கு நாடகம் போட்டுப் பதில் சொன்ன ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

பெரியம்மாவின் காலம் இதற்குக் கொஞ்சம் பிந்தியது. அறுபதுகள். கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. கரையையும் உடலையும் ஊடைக்கு ஊடை பிணைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் வீட்டுப் பிள்ளை. இந்த இரண்டு பேரும் ஒரு புடவை முடியும்வரை நாள் முழுக்க ஒருவருக்கொருவர் கையெட்டும் தூரத்தில் இருப்பார்கள். கை வேலை செய்யும். வாய்க்கு வேலையில்லை. அங்கேதான் படம் ஓடும். ஒருத்தர் பார்த்த படம் தறி தறியாகப் போய் தெரு முழுக்கப் பார்த்தாகிவிடும். ரேடியோ வந்தபிறகு ஒலிச்சித்திரம் சேர்ந்துகொண்டது. படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். கேட்டுவிட்டு "நேத்து அந்தப் படம் பார்த்தேன்" என்றுதான் பெரியம்மா சொல்வார். பார்த்தேன் என்பது பொய் இல்லை, அவர் பார்க்கத்தான் செய்தார்.

கிராமத்துக் கொட்டாய்க்குப் படம் கடைசியாகத்தான் வரும். ஏ சென்டர், பி சென்டர் எல்லாம் ஓடித் தேய்ந்து, மழை பெய்வது போல் கோடு விழுந்த பிரிண்ட் சி சென்டருக்கு வரும். ஒரே புரொஜெக்டர், அதனால் ரீலுக்கு ரீல் இடைவேளை. சாயந்திரம் குழாய் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டதும் ஊர் கிளம்பும். பாட்டுப் புத்தகம் இரண்டணா மூன்றணா. அதில் கதைச் சுருக்கம் இருக்கும், முக்கியமான இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். ஆனால் மீதியும் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். டவுனுக்குப் பட்டு கொண்டுபோனவர்கள், பாவு வாங்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருப்பார்கள். பிரிண்டுக்கு முன்னால் தீர்ப்பு வந்துவிடும்.

1962-ல் வந்த 'பாசம்' படத்தில் எம்.ஜி.ஆர். கடைசியில் இறந்துபோவார். படம் சரியாகப் போகவில்லை, அதிலிருந்து அவர் சாகும் முடிவுகளைத் தவிர்த்தார் என்று தமிழ் சினிமா பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அதுல செத்துப்பூட்டாருன்னு சொன்னாங்க. நான் போவல."

"மதுரை வீரன்லயும்தானே சாவறாரு? அதுக்கு மட்டும் போனீங்க?"

"அது சாமிடா. செத்தாத்தானே சாமி ஆவ முடியும்?"

இந்த பதிலை நான் எந்தத் திரைப்பட ஆய்விலும் படித்ததில்லை. 1956-ல் 'மதுரை வீரன்' பார்த்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் மதுரை வீரனுக்குப் படையல் போட்டார்கள் என்று யோசித்தால், ஒரு படம் ஓடியதற்கும் இன்னொன்று ஓடாததற்கும் நாயகனின் புகழ் மட்டும் காரணமில்லை என்று தெரியும். எப்படிச் செத்தால் ஏற்றுக்கொள்வோம் என்பதில் அவர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது. எழுதத் தெரியாத ஒரு கூட்டம், கொட்டாய்க்குப் போகாமல் இருந்ததன் மூலமே, தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தது.

படித்தவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்த விதம் வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். வாத்தியார் மோகத்தில் சீரழியும் ஒரு கட்டட வேலைக்காரப் பெண். ஜெயகாந்தன் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அந்தக் கதையில் கோபமும் நேர்மையானதுதான். ஆனாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் ரங்காச்சாரியார் குழு முன்னால் வந்த சாட்சிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் 'தி இமேஜ் டிராப்' புத்தகத்தில் எம்.ஜி.ஆர். பிம்பம் ஏழைகளை எப்படிப் பிடித்துவைத்தது என்று அலசினார். முக்கியமான புத்தகம். அதிலும் பிடிபட்டவர்கள் அதிகம் பேசுவதில்லை. அடுத்த வருடமே சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளரின் புத்தகம் வந்தது. எண்பதுகளில் மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கி, அவர்களோடு படம் பார்த்து, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியது. 1927-ல் விட்ட கேள்வியைக் கேட்க ஏறக்குறைய அறுபது வருடமும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் தேவைப்பட்டிருக்கிறது.

நடுவில் ஃபிலிம் சொசைட்டிகள். 1947-ல் கல்கத்தாவில் சத்யஜித் ரேயும் நண்பர்களும் தொடங்கினார்கள், 1957-ல் சென்னையில், 1959-ல் ரே தலைமையில் அகில இந்தியக் கூட்டமைப்பு. பிறகு மதுரையில் யதார்த்தா, திருநெல்வேலியில் காஞ்சனை, கோவையில் கோணங்கள். படம் முடிந்து விளக்கு போட்டதும் யாரும் கிளம்பாமல் உட்கார்ந்து பேசும் பழக்கம் இங்கேதான் வளர்ந்தது. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானே கல்லூரிக் காலத்தில் அப்படியொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தேன். ஆனால் அந்தக் கூட்டங்களில் ஒரு கூச்சம் இருந்தது. அழுதேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஃப்ரேம் என்பார்கள்.

மதிப்பெண் கதையையும் சொல்ல வேண்டும். ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டது. 1977-ல் '16 வயதினிலே'க்கு 62.5. அந்த அரை மார்க்கை நினைத்தால் ஒரு மென்பொருள்காரனாக எனக்குச் சிரிப்பு வரும். 62-க்கும் 63-க்கும் நடுவில் ஒரு படத்தை நிறுத்த எந்த அளவுகோலைப் பிடித்தார்களோ! ஆனால் தமிழ்நாடு அதை நம்பியது. அடுத்து எந்தப் படம் அதைத் தாண்டும் என்று டீக்கடைகளில் சண்டை நடந்தது. இன்று நட்சத்திரம் குத்துகிறோம். நான் வேலை பார்க்கும் துறையில் அந்த நட்சத்திரங்களின் சராசரியைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் நிரலை யாரோ எழுதுகிறார்கள். சராசரி என்பது எல்லோருடைய கருத்தும் சேர்ந்த ஒன்று என்கிறோம், அது ஒருவருடைய கருத்தும் இல்லை.

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியதும் ஜனங்கள் பொரிந்து தள்ளினார்கள். தயாரிப்பாளர்கள் கொதித்துப்போய், தியேட்டர் வளாகத்தில் பப்ளிக் ரிவியூ எடுக்க யூடியூபர்களை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் உடனடித் தடை விதிக்க மறுத்துவிட்டது. தயாரிப்பாளர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்களும் காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வியர்வையோடு வெளியே வந்து "தலைவலிக்குதுண்ணா" என்று சொன்ன அந்தப் பையனை விசாரணைக் குழு கூப்பிடாமல் விட்டதையும், இப்போது அவனை வாசலில் நிற்கவே கூடாது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

காஞ்சிபுரத்து நெசவாளியைப் பற்றியே ஒரு படம் வந்தது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. 2008-ல் டொரன்டோ விழாவில் காட்டினார்கள், 2007-ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்ற தேசிய விருதும் பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. ஊரில் பட்டு நெய்பவன் தன் மகளுக்குப் பட்டுப்புடவை கட்டிக் கல்யாணம் செய்வேன் என்று அவள் பிறந்தபோது காதில் சொல்லிவிடுகிறான். பிறகு ஒவ்வொரு நாளும் பட்டிழையை வாயில் அடக்கிக் கொண்டுவந்து, இரவில் திருட்டுத்தனமாக நெய்கிறான். விமர்சகர்கள் ஒளிப்பதிவைப் பற்றி எழுதினார்கள், கூலி கேட்டுப் போராடும் நெசவாளர்களையும் கம்யூனிச அரசியலையும் பற்றி எழுதினார்கள். ஒரு லீவில் லேப்டாப்பில் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை, தறியும் வீட்டில் இல்லை. தறிக்குழியை மூடி சிமென்ட் பூசியிருந்தார்கள். அதன் மேல் பாய் விரித்துத்தான் உட்கார்ந்து பார்த்தோம்.

பாதிப் படத்தில் நிறுத்தச் சொன்னார். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு புடவைக்குப் பட்டு மட்டும் அரை கிலோ கிட்ட வேண்டும். வாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு அடங்கும்? எச்சில் பட்டால் இழை ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரிக்க ஒரு நாள். இரவில் சத்தம் கேட்காமல் நெய்தால் எத்தனை விரற்கடை நகரும்? கொஞ்ச நேரம் உதடு அசைந்தது.

"அதான் பொண்ணு பெரிசாவற வரைக்கும் ஆயிருக்கு. சரியாத்தான் எடுத்திருக்கான். போடு."

கடைசிக் காட்சியில் பாதி நெய்த புடவையால் மகளை மூடப் பார்க்கிறான் தகப்பன். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் குரல் கேட்டது. எதிர்வீட்டு அம்மாவுக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மழை, போலீஸ் வண்டி, காதில் சொன்ன வாக்கு, வாயில் பட்டு, எல்லாம் வரிசையாக வந்தது. அரை கிலோ கணக்கும் வந்தது. கடைசியில் தகப்பன் ஜெயிலிலிருந்து வந்து ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து முந்தானை வரைக்கும் நெய்து முடித்து, மகளுக்குக் கட்டிவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

அந்த அம்மா போனதும் கேட்டேன். "என்ன பெரிம்மா, மாத்திட்டீங்க?"

"அவ பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்காடா. அவகிட்டப் போயி அப்பிடியா சொல்லுவாங்க?"